வாரம் முழுக்க ஓ.எம்.ஆர்., மாதம் ஒருமுறை லால்குடி: கழற்றி மாட்டும் விண்ட்ஷீல்டோடு எந்த வண்டி எடுக்கலாம்?

வேளச்சேரி வாசு
வெள்ளி, இரவு 10:15

வணக்கம். வீடு வேளச்சேரி, வேலை சோழிங்கநல்லூர். மாதம் ஒருமுறை லால்குடிக்குப் போய் வருகிறேன், அம்மா அங்கே தனியாக இருக்கிறார். ஒரு வழி 300 கிலோமீட்டருக்கு மேல். பாதி தடவை மனைவியும் பின்னால் வருவார். கடைசி நேரத்தில் கிளம்புவதால் ரயிலில் இடம் கிடைப்பதில்லை, வண்டிதான்.

இப்போது இருப்பது பத்து வருடமான 150 சிசி. வண்டி மேல் குறை சொல்ல மாட்டேன், நன்றாக ஓடுகிறது. பிரச்சினை காற்றுதான். திண்டிவனம் தாண்டினால் நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வருகிற மாதிரி இருக்கும். ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்துப் பிடித்தே தோள்பட்டை இறுகிவிடும். போன மாதம் ஊரில் போய் இறங்கினேன். அம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஏதோ கேட்டார். உதடு அசைவது தெரிகிறது, காதுக்குள் ஙொய்யென்று ஒரே ரீங்காரம். அரை மணி நேரம் அவர் சொன்னதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வண்டியில் முன்னால் ஏதாவது ஒரு மறைப்பு கட்டாயம் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அதே வண்டியில்தான் தினமும் ஆபீஸ். மே மாதம் துரைப்பாக்கம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வருகிற கொஞ்சநஞ்சக் காற்றையும் கண்ணாடி போட்டு மறைத்துக்கொள்ள முடியாது. அதனால் கழற்றி மாட்டுகிற மாதிரி தேடுகிறேன். ஃபேரிங் (ஹெட்லைட்டைச் சுற்றி வருகிற கூடு) நல்லதா, விண்ட்ஷீல்டு நல்லதா? எந்த வண்டி? வாராவாரம் கழற்றி மாட்டுவது நடைமுறையில் முடிகிற காரியமா? என் உயரம் 5 அடி 6 அங்குலம். மூன்றரை லட்சம் வரை செலவு செய்யலாம், குறைந்தால் சந்தோஷம்.


பெரம்பூர் பாபு
வெள்ளி, இரவு 11:02

தம்பி, வண்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் காது.

நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தமே 90 டெசிபலைத் தாண்டிவிடும். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வைத்திருக்கிற எல்லை 85 டெசிபல், 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 என்றால் ஒரே ஒரு மணி நேரம். நீங்கள் ஆறு, ஏழு மணி நேரம் அதில் உட்கார்ந்து போகிறீர்கள். ரீங்காரம் அரை மணியில் அடங்குகிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் அடங்காமலே போய்விடும். நாளைக்கே மெடிக்கல் ஷாப்பில் அமுக்கி உள்ளே வைக்கிற ஃபோம் காதடைப்பான் வாங்குங்கள். ஹார்ன் கேட்கும், பயப்படாதீர்கள். விண்ட்ஷீல்டு போட்ட பிறகும் அதை விடக் கூடாது.

அடுத்தது, நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது என்றீர்களே, அது வெறும் நினைப்பு கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு நாலு மடங்கு ஆகும். 60-இல் இருப்பதைப் போல 80-இல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. எதிர்க்காற்று 30 கிலோமீட்டரில் அடித்தால் மீட்டரில் 80 காட்டினாலும் உடம்புக்கு அது 110. தள்ளு ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனி ஆடியில் கைகால் ஓய்ந்துபோவது இதனால்தான்.


கல்பாக்கம் கடலோரம்
சனி, காலை 6:40

வாசு, யோசிக்காமல் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 எடுங்கள். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 15.7 லிட்டர் டேங்க். செலஸ்டியல் வகையில் விண்ட்ஷீல்டும் பின்னால் உட்காருபவருக்குச் சாய்மானமும் கம்பெனியிலேயே கொடுக்கிறார்கள். மனைவியோடு நெடுந்தூரம் போகிறவருக்கு அதைவிட வசதி வேண்டுமா? பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றினால் வந்துவிடும்.


நெடுஞ்சாலை நித்யா
சனி, காலை 8:20

கடலோரம் அண்ணா சொல்வது நல்ல வண்டிதான், ஓட்டியிருக்கிறேன். நேர்ரோட்டில் தேர் மாதிரி போகும். ஆனால் வாசு மாதத்தில் இரண்டு நாள்தான் நேர்ரோட்டில் இருக்கிறார். மீதி நாளெல்லாம் வேளச்சேரி, பள்ளிக்கரணை, ஓ.எம்.ஆர்.

அந்த வண்டி 241 கிலோ. சீட் 740 மில்லிமீட்டர்தான், கால் நன்றாக ஊன்றும், அது பெரிய வசதி. ஆனால் இறங்கித் தள்ளும்போது 241 கிலோவும் உங்கள் கையில்தான். அபார்ட்மென்ட் அடித்தளப் பார்க்கிங்கின் சரிவில் பின்பக்கமாகத் தள்ளி ஏற்றிப் பாருங்கள், தெரியும். ஐப்பசி கார்த்திகையில் என்ன செய்வீர்கள்? மழை அறிவிப்பு வந்தவுடன் வண்டிகளை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர் உங்களுடையது. முழங்கால் தண்ணீரில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ள வேண்டி வந்தால் ஐம்பது கிலோ வித்தியாசம் ரொம்பப் பெரிய வித்தியாசம்.

இன்னொன்று. நாலுவழிச் சாலையில் பைக்குக்கு 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு நிர்ணயித்த உச்ச வேகம் 80. நான் அதில்தான் போகிறேன், அதில் போக 650 சிசி தேவைப்படவில்லை. அதே கம்பெனியின் மீட்டியோர் 350-க்கு 20 குதிரைத்திறன், 191 கிலோ, 15 லிட்டர் டேங்க். 80-இல் நாள் முழுக்க முனகாமல் போகும். மனைவி, பை எல்லாம் ஏற்றிக்கொண்டு லாரியை முந்தும்போது மட்டும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும், சட்டென்று பாயாது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் நடுவில் ஹிமாலயன் 450 இருக்கிறது. 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க், எடை 196. ஆனால் சீட் 825 மில்லிமீட்டர். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, சிக்னலில் ஒற்றைக் கால் நுனியில் நிற்பது உங்களுக்கு ஒத்துவருமா என்று உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.


திருவொற்றியூர்க்காரன்
சனி, பகல் 1:30

ஃபேரிங்கா விண்ட்ஷீல்டா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் எங்கள் ஊரில் புல்லட் வந்து இறங்கியதிலிருந்து பைக் பேச்சு எங்கள் தெருவில் ஓய்ந்ததே இல்லை.

விண்ட்ஷீல்டு என்றால் ஒரு பிளாஸ்டிக் திரை, அதைப் பிடித்துக்கொள்ள கம்பியும் கிளாம்ப்பும். பெரும்பாலும் ஹேண்டில்பாரிலோ, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கிலோ உட்காரும். ஹேண்டிலைத் திருப்பினால் அதுவும் திரும்பும். ஃபேரிங் என்றால் ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு கூடு, மேலே திரை. நல்ல ஃபேரிங் வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) நிற்கும், ஹேண்டிலோடு திரும்பாது. காற்றின் தள்ளு சட்டத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1970-களில் அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்பவர் விண்ட்ஜாமர் என்று ஒரு ஃபேரிங் செய்து விற்றார். எந்தக் கம்பெனி வண்டியானாலும் சட்டத்தில் பூட்டிக்கொள்ளலாம், ஹெட்லைட் அதற்குள்ளேயே இருக்கும். சாதாரண வண்டியை வாங்கி, அதை மாட்டி, கண்டம் முழுக்கச் சுற்றினார்கள். 1976-இல் பி.எம்.டபிள்யூ. ஆர்100ஆர்.எஸ். வந்தது. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து வடிவமைத்த முழு ஃபேரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்த வண்டி. சுற்றுலா வண்டி என்றால் ஃபேரிங்கோடு சேர்ந்தே பிறக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கப்புறம் வேரூன்றிவிட்டது.

கழற்றுவது பிறகு அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன்காரர்கள் கையில் நேர்த்தியானது. ரோடு கிங்கில் விண்ட்ஷீல்டைக் கழற்ற ஸ்பேனரே வேண்டாம். ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் ரப்பர் போட்ட முளைகள் நிரந்தரமாக இருக்கும். திரையில் அதற்கேற்ற பள்ளங்கள், ஒரு கம்பித் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைத் தூக்கி, திரையை நேராக மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். 2018 மாடலாக வந்த ஸ்போர்ட் கிளைடில் சின்ன ஃபேரிங்கையே அப்படிக் கழற்றலாம், பக்கப் பெட்டிகளையும் கழற்றலாம். வாசு கேட்பது சரியாக இதுதான். விலை நம் கைக்கு எட்டாது, ஆனால் யோசனையை எடுத்துக்கொள்ளலாம். எந்த வண்டி வாங்கினாலும் சரி, விண்ட்ஷீல்டு எப்படிக் கழலும் என்பதைக் கடையில் உங்கள் கையால் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நாலு ஆலன் போல்ட், வாஷர் எட்டு, அதில் ஒன்று கைதவறி டேங்குக்கடியில் விழுகிறது என்றால் மூன்றாவது வாரத்தோடு கழற்றுவதை நிறுத்திவிடுவீர்கள். பிறகு அது நிரந்தரத் திரைதான்.


வேளச்சேரி வாசு
சனி, மாலை 5:10

பாபு அண்ணா, காதடைப்பான் வாங்கிவிட்டேன். இன்று ஈ.சி.ஆரில் கோவளம் வரை போட்டுக்கொண்டு போனேன். இத்தனை வருடம் தெரியாமல் போய்விட்டது. வண்டியின் எஞ்சின் சத்தமே எனக்கு இப்போதுதான் தனியாகக் கேட்கிறது.

நித்யா சொன்ன பார்க்கிங் சரிவையும் நினைத்துப் பார்த்தேன். எங்களுடையது ரொம்பச் செங்குத்து. 650 ஆசை கொஞ்சம் தணிந்துவிட்டது. ஒரு சந்தேகம்: திரை பெரிதாக இருந்தால்தானே மறைப்பு அதிகம்? தலைக்கு மேலே போகிற மாதிரி உயரமான ஒன்றை ஒரு கடையில் காட்டினார்கள். அதை வாங்கிவிடலாமா?


நாஞ்சில் மணி
சனி, இரவு 7:45

வேண்டாம். என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிண்டியில் இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். மூன்று வருடத்துக்கு முன் இதே எண்ணத்தில் கதவு அளவுக்கு ஒரு திரை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினேன். மதுரை வரை சொர்க்கம். திருநெல்வேலி வரைக்கும்கூடப் பரவாயில்லை. ஆரல்வாய்மொழி கணவாய் எப்படியென்று தெற்கத்தி ஆட்களுக்குத் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றுக்காகத்தான். நான் போனது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், என் கையில் இருந்தது அம்மியைவிட அகலமான பிளாஸ்டிக். பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தது. வண்டி நேராகத்தான் நிற்கிறது, ஆனால் ஹேண்டில்பாரை யாரோ ஒருத்தர் எதிர்ப்பக்கம் பிடித்துத் திருப்புகிறார். ஒரு லாரி தாண்டிப் போனபோது காற்று ஒரு நொடி நின்று, பிறகு இரண்டு மடங்காக அடித்தது. ஒரு லேன் அகலத்துக்கு நகர்ந்துபோனேன். பின்னால் யாரும் வரவில்லை, தப்பித்தேன்.

டீக்கடையில் நிறுத்தி, கை நடுக்கம் நின்ற பிறகு கழற்றினேன். கழற்றிவிட்டு எங்கே வைப்பது? பையிலிருந்த கைலியில் சுற்றி, பின்சீட்டுப் பை மேல் படுக்கவைத்து, எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டினேன். மீதி தூரம் நெஞ்சில் முழுக் காற்று, ஆனால் வண்டி என் சொல் கேட்டது. கழற்ற முடிகிற திரையாக இருந்ததால்தான் அன்று ஊர் போய்ச் சேர்ந்தேன்.

திருவொற்றியூர்க்காரர் சொன்னது இதுதான். ஹேண்டிலில் மாட்டுவதென்றால் திரை சின்னதாக இருக்க வேண்டும். லால்குடி ரோட்டில் முப்பந்தல் கிடையாது, உண்மைதான். ஆனால் தெற்கே போகும்போது மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும், ஆம்னி பஸ் தாண்டும்போது இதே ஆட்டம் சின்ன அளவில் வரும்.


பெரம்பூர் பாபு
ஞாயிறு, காலை 9:00

மணி சொன்னது பக்கக் காற்று. பெரிய திரையில் இன்னொரு தொல்லை தலை ஆட்டம். இதை நான் சொல்லும்போது பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

திரை இல்லாத வண்டியில் தலைக்கு வருகிற காற்று சீரானது. பலமாக அடிக்கும், ஆனால் ஒரே மாதிரி அடிக்கும். திரை போட்டவுடன் அதன் மேல்விளிம்பைத் தாண்டுகிற காற்று சுருண்டு சுருண்டு சுழலாக மாறுகிறது. அந்தச் சுழல் சரியாக உங்கள் ஹெல்மெட்டில் வந்து முட்டினால் தலை கடகடவென்று ஆடும், கண் முன்னால் ரோடு இரண்டாகத் தெரியும், சத்தமும் திரை இல்லாததைவிடக் கூடிவிடும். மக்கள் உடனே இன்னும் உயரமான திரை வாங்குகிறார்கள். பல சமயம் மருந்து நேர் எதிர். திரையைத் தாழ்த்தினால் சுழல் தோளில் போய் உடையும், தலை சீரான காற்றில் இருக்கும். நெஞ்சுக்கு மறைப்பு, தலைக்குக் காற்று. நம் ஊர் வெயிலுக்கும் அதுதான் சுகம்.

அடிப்பக்க இடைவெளியையும் பாருங்கள். திரைக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றுப்பை மாதிரி ஆகிறது, அது சுழலை உள்ளே இழுக்கும். ஹெட்லைட்டுக்கும் திரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் அடியிலிருந்து காற்று போய் அந்தப் பையை நிரப்பும், ஆட்டம் குறையும். மழைநீர் வருகிறது என்று அதை டேப் போட்டு அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

உயரத்துக்கு ஒரு வழி. வண்டியில் நீங்கள் வழக்கமாக உட்காருவது போல உட்காருங்கள், நிமிர்ந்து காட்ட வேண்டாம். திரையின் மேல்விளிம்பு மூக்குக்குக் கீழே இருக்க வேண்டும். ரோட்டைத் திரைக்கு மேலாகப் பார்க்க வேண்டும், திரை வழியாகப் பார்க்கக் கூடாது. இரவில் மழையில் கீறல் விழுந்த திரை வழியாக எதிர்வண்டியின் ஹைபீமைப் பார்த்தால் அது முழுக்க வெள்ளைப் போர்வைதான். ரோடு இருக்கிற இடமே தெரியாது.

பொருள் பாலிகார்பனேட்டா அக்ரிலிக்கா என்று கேளுங்கள். என் அப்பா ஸ்கூட்டரில் ஒரு அக்ரிலிக் திரை இருந்தது. போல்ட் ஓட்டையிலிருந்து ஒரு மயிரிழை விரிசல் கிளம்பும். அப்பா அதன் நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டு நிறுத்துவார், அடுத்த மாதம் இன்னொரு பக்கம் கிளம்பும். பாலிகார்பனேட் அப்படி உடையாது, கல் பட்டாலும் தாங்கும், ஆனால் சுலபமாகக் கீறும். மேலே கடினப் பூச்சு போட்டதாக வாங்குங்கள். பெட்ரோல், கண்ணாடி துடைக்கிற அம்மோனியா திரவம் எதுவும் அதன் மேல் படக் கூடாது. போல்ட் கழலாமல் இருக்க ஊற்றுகிற லாக் திரவமும் படக் கூடாது, அது பிளாஸ்டிக்கை உள்ளேயே வெடிக்க வைக்கும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள். முறுக்கும்போது ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கியவுடன் கையை எடுத்துவிடுங்கள்.


கல்பாக்கம் கடலோரம்
ஞாயிறு, காலை 9:35

பாபு அண்ணா சொன்னதோடு இதையும் சேருங்கள்: கிளாம்ப், போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஈ.சி.ஆர். உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து போல்ட் இறுகிவிடும். கழற்றி மாட்டும் திரை கழலாத திரை ஆகிவிடும். எனக்கு ஆனது. கடைசியில் ஹாக்ஸா பிளேடு வைத்து அறுத்துத்தான் எடுத்தேன்.


தாம்பரம் ரைடர்
ஞாயிறு, காலை 11:15

போலீஸ் பிடிப்பார்களா? மாற்றம் செய்தால் அபராதம் என்கிறார்களே.


நெடுஞ்சாலை நித்யா
ஞாயிறு, பகல் 12:05

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மூன்று வருடமாக விண்ட்ஷீல்டோடு ஓட்டுகிறேன், யாரும் நிறுத்தியதில்லை. ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசு, பேசிக்கொண்டே இருப்பதைவிட ஓட்டிப் பாருங்கள். என்னுடையது 350, பின்னால் வாங்கிப் போட்ட விண்ட்ஷீல்டு. அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெருங்களத்தூர் வருகிறேன். மனைவியையும் கூட்டி வாருங்கள். பின்சீட்டுக்காரரைக் கேட்காமல் வண்டி முடிவு செய்யக் கூடாது.


வேளச்சேரி வாசு
அடுத்த ஞாயிறு, பகல் 2:20

நித்யாவுக்கு முதலில் நன்றி. வண்டியைக் கொடுத்தது மட்டும் இல்லை, மூன்று தடவை கழற்றி மாட்டும் வரை பொறுமையாக நின்றார். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் தடவை திரையோடு, நான் மட்டும், பெருங்களத்தூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை. ஊரைத் தாண்டி 80 வந்ததும் நெஞ்சில் இருந்த கை காணாமல் போனது. சட்டைக் காலர் படபடக்கவில்லை. ஆனால் பாபு அண்ணா சொன்ன தலை ஆட்டம் அப்படியே வந்தது. ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுகிற மாதிரி. முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தினால் முழு அமைதி. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றாலும் சீராகிவிடுகிறது. நடுவில், நான் இயல்பாக உட்காருகிற அந்த ஓர் உயரத்தில்தான் ஆட்டம். நித்யா என்னைவிட மூன்று அங்குலம் உயரம் குறைவு, அவருக்கு அந்தத் திரை கச்சிதம். எனக்கு விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேரே நின்றது.

இரண்டாவது, திரையைக் கழற்றிவிட்டு. நாலு போல்ட், ஒரே ஆலன் கீ, கைக்கடிகாரம் பார்த்தேன், 7 நிமிடம். அதே ரோடு, அதே வேகம். கை திரும்பவும் நெஞ்சில். தலை மட்டும் ஆடவில்லை.

மூன்றாவது, நித்யா தன் கிளாம்ப்பைத் தளர்த்தி, திரையை ஃபோர்க்கில் இரண்டு விரல் அளவு கீழே இறக்கி, கொஞ்சம் பின்னால் சாய்த்தார். நம்பிக்கை இல்லாமல்தான் ஏறினேன். 60 வந்தது, 70 வந்தது, நான் ஆட்டத்துக்காகக் காத்திருக்கிறேன், அது வரவே இல்லை. காற்று தோளின் மேல் ஒரு கோடு போட்ட மாதிரி போகிறது. கையை மெதுவாகத் தூக்கினேன், எந்த இடத்தில் காற்று ஆரம்பிக்கிறது என்று விரல் நுனியில் தெரிகிறது, மோவாய்க்குச் சற்றுக் கீழே. ஹெல்மெட்டின் முன்துளை வழியாகக் காற்று முகத்துக்கும் வருகிறது. இரண்டு விரல் தாழ்த்தியதற்கு இவ்வளவா என்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மனைவி ஏறினார். அவர் சொன்னது எனக்குப் புதிது. பின்சீட்டு உயரமாக இருப்பதால் என் தலைக்கு மேலே வழிகிற காற்று நேராக அவருக்குப் போகிறது. திரை உயரமாக இருந்தபோது அவருக்கும் ஆட்டம், தாழ்த்திய பிறகு ஆட்டம் போய் வெறும் காற்று. "இது பரவாயில்லை, பழைய வண்டியிலும் இதே காற்றுதான், தலைதான் வலிக்கக் கூடாது" என்றார். சாய்மானம் வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.


திருவொற்றியூர்க்காரன்
அடுத்த ஞாயிறு, மாலை 4:00

அருமையான சோதனை. இந்த மாதிரி ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில், ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. வாங்குகிற திரையில் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஏற்றி இறக்கலாம், ஆள் மாறினாலும் ஜாக்கெட் மாறினாலும் சரிசெய்துகொள்ளலாம்.


நாஞ்சில் மணி
அடுத்த ஞாயிறு, இரவு 8:10

அப்புறம், சுலபமாகக் கழலுகிற திரை அடுத்தவர் கையிலும் சுலபமாகக் கழலும். ரயில் நிலையப் பார்க்கிங், தெருவோரம் இங்கெல்லாம் விட்டுப் போவதானால் கழற்றி எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் ஒரு போல்ட்டையாவது சாதாரண ஆலன் கீக்கு மசியாத தலை உள்ளதாக மாற்றுங்கள்.


வேளச்சேரி வாசு
ஆறு வாரம் கழித்து, திங்கள், காலை 7:50

மீட்டியோர் 350 எடுத்துவிட்டேன். சூப்பர்நோவா வகையில் விண்ட்ஷீல்டு சேர்ந்தே வருகிறது என்று ஷோரூமில் சொன்னார்கள். நான் கீழ் வகையை எடுத்து, திரையைத் தனியாக வாங்கினேன், நீளவாக்கு ஓட்டை உள்ளதாக. மேல்விளிம்பு என் மோவாய்க்குச் சரியாக வருகிற உயரம். மனைவிக்குச் சாய்மானம் போட்டாயிற்று. மிச்சப் பணத்தில் அவருக்கு நல்ல ஹெல்மெட் ஒன்று.

சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டியில் இட்லி. உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது திரை முழுக்கப் பூச்சிகள், மஞ்சளும் பச்சையுமாக. இதெல்லாம் இத்தனை நாள் என் சட்டையிலும் கழுத்திலும் வந்து அடித்தவை. பங்க் பையன் துடைத்துத் தருகிறேன் என்று பெட்ரோல் நனைத்த துணியோடு வந்தான், ஓடிப்போய்த் தடுத்தேன். தண்ணீரில் நனைத்த துண்டை ஐந்து நிமிடம் அப்படியே மேலே போர்த்தி வைத்தேன், பிறகு லேசாக இழுத்ததும் எல்லாம் கூடவே வந்துவிட்டது.

லால்குடியில் இறங்கியபோது தோள் வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆறு மணி நேரம் உட்கார்ந்த வலி இருந்தது. இறுக்கம் இல்லை. காதடைப்பானை எடுத்துப் பையில் போட்டேன். அம்மா வாசலில் நின்றபடி, "வழியில் மழையா?" என்று கேட்டார். தூறல்கூட இல்லை என்றேன். அவர் கேட்டது முதல் தடவையிலேயே எனக்குக் கேட்டது.

நேற்று இரவு திரும்பி வந்து, இன்று காலை ஆபீஸுக்காகத் திரையைக் கழற்றினேன். 5 நிமிடம். பழைய தலையணை உறையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.


பெரம்பூர் பாபு
திங்கள், காலை 8:30

சந்தோஷம் தம்பி. புதிதாக மாட்டிய கிளாம்ப் முதல் ஓட்டத்தில் அமுங்கி உட்காரும், அதனால் போல்ட் கொஞ்சம் தளரும். ஃபோர்க்கில் இருக்கிற கிளாம்ப்பை இன்று மாலையே ஒருமுறை பாருங்கள். அதற்கடுத்து 500 கிலோமீட்டரில் ஒருமுறை.


வேளச்சேரி வாசு
திங்கள், இரவு 9:05

பார்த்தேன் அண்ணா. வலது பக்கம் இரண்டும் அப்படியே இருந்தன. இடது கீழ்ப் போல்ட் கால் சுற்று போனது. இறுக்கிவிட்டு, எல்லாத் தலையிலும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், அசைந்தால் தெரியும்.